சொல்லாமல் விட்ட ஆமென்

என் மகளின் முழங்காலில் இருந்த புண்ணை விரலால் தொட்டு, அதே விரலால் தன் பேரப்பிள்ளையின் நெற்றியில் ஒருத்தி சிலுவை போட்டாள். புண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்தது. நான் யாழ்ப்பாணத்துக் குருநகர்ச் சந்தையில் மீன் விற்கிறவள். நாற்றமும் அழுகலும் எனக்குப் புதிதில்லை. ஆனால் அன்றைக்கு வந்த அருவருப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அந்தப் புண் எப்படி வந்தது, அதை ஆற்ற எங்கெல்லாம் போனோம் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

மகள் றெஜினா இப்போது மறுபடி பள்ளிக்கூடம் போகிறாள். இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு, வெளியே சொல்ல வெட்கப்பட்டு, கதவைச் சாத்திக்கொண்டிருக்கிற தாய் தகப்பன் வேறு இடங்களிலும் இருப்பார்கள். அவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்கினேன்.

"எழுதுங்கோ அம்மா. ஆனால் என்னைப் புனிதை ஆக்கிப்போடாதையுங்கோ" என்றாள்.

எண்பத்தாறாம் ஆண்டு அவளுக்குப் பதினைந்து வயது. ஆமி இருந்த கோட்டைப் பக்கமிருந்து ஷெல் வரும். கடலில் நேவி நிற்கும். கடலுக்குப் போனவன் கரைக்கு வந்து சேர்ந்தால்தான் நிச்சயம். எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. பின்னேரம் வள்ளங்கள் இறங்குவதற்கு முன்னால், அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் எல்லோரும் கூடிச் செபம் சொல்வார்கள். ஒருவர் முன்னால் நின்று சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து ஆமென் சொல்லிவிட்டு வள்ளத்தைத் தள்ளுவார்கள். யார் சொன்ன செபத்தோடு போய் நல்ல மீன்பாடு கிடைத்ததோ, அடுத்த நாளும் அவரையே சொல்லச் சொல்வார்கள். ஒருநாள் செபம் சொல்கிற கிழவிக்குக் காய்ச்சல். றெஜினாவைப் பிடித்து நிறுத்தினார்கள். விடிய வள்ளங்கள் நிறைந்து வந்தன. அதோடு பிடித்தது சனி.

முதலில் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கரைச் செபம் முடிந்து வீட்டுக்கு வந்தும் முழங்காலில் நின்று செபமாலை சொன்னாள். நல்லதுதானே என்று விட்டோம். பிறகு ஒரு செபமாலைக்கு அரை இரவு எடுத்தது. இடையில் மனதுக்குள் ஒரு கெட்ட நினைப்பு வந்தால் அந்தச் செபம் செல்லாதாம். முதல் மணியிலிருந்து தொடங்க வேண்டுமாம். தொடங்குவாள், நிறுத்துவாள், அழுவாள், மறுபடி தொடங்குவாள். சீமெந்து நிலத்தில் நின்று நின்று முழங்கால் பிய்ந்து புண்ணாகிவிட்டது. வள்ளங்கள் எல்லாம் திரும்பி வரும்வரை ஒரு பிடி சோறும் தொடமாட்டாள். செய்யாத பாவத்தைக் குருவானவரிடம் சொல்ல, ஒவ்வொரு நாளும் பாவசங்கீர்த்தனத்துக்கு ஓடுவாள். வந்து என்னைக் கேட்பாள்.

"அம்மா, நான் சரியாச் சொன்னனானோ?"

"ஓம் பிள்ளை, சரி."

"நடுவிலை ஒண்டும் விடேல்லையோ?"

"இல்லை அம்மா, விடேல்லை."

திரும்பவும் அதையே கேட்பாள். ஊரோ கொண்டாடியது. பூசையில் எங்கள் பங்குச் சுவாமி அவளை மற்றப் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகக் காட்டினார். காய்ச்சல் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் முதலில் சொன்ன அந்தச் சிலுவை அப்போது போட்டதுதான். வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் மனைவி திரேசம்மா தன் மகன் கடலுக்குப் போகிற நாட்களில் றெஜினாவின் கையைப் பிடித்து முத்தமிட்டுவிட்டுப் போவாள். என் கணவர் அவர்களுடைய வள்ளங்களில் ஒன்றில் தொழில் செய்கிறவர். வாயைத் திறக்க முடியாது. பிள்ளை மெலிந்து மெலிந்து தோளெலும்பு சட்டைக்கு வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. ஒருத்தியாவது பிள்ளை சாப்பிட்டதா என்று கேட்கவில்லை. தங்களுக்கு ஒரு புனிதை கிடைத்துவிட்டாள், அவளுக்கு வயிறு எதற்கு?

பிறகு ஒருநாள் திரேசம்மாவின் மகன் போன வள்ளம் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. கரையில் கூடி நின்று அழுதார்கள், நானும் அழுதேன். பின்னேரம் திரேசம்மா எங்கள் முற்றத்துக்கு வந்தாள். பின்னால் ஊரே வந்தது. றெஜினா வாசற்படியில் இருந்தாள். திரேசம்மா கத்தவில்லை. குனிந்து, மிகவும் மெதுவாகக் கேட்டாள்.

"எந்த மணியிலை பிழை விட்டனி?"

பெற்றவளுக்குப் பிள்ளை போனால் புத்தி பேதலிக்கும், எனக்குத் தெரியாதா? ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது? பின்னால் நின்றவர்களில் ஒருவர்கூட அவளை இழுத்துக்கொண்டு போகவில்லை. பதில் வரும் என்று காத்துக்கொண்டு நின்றார்கள்.

அன்றைக்கு றெஜினா சாப்பாட்டை விட்டாள். மறுநாள் தண்ணீரை விட்டாள். அதற்கு மறுநாள் எச்சிலையும் விழுங்க மறுத்தாள். விழுங்கினால் கடவுளுக்கென்று பிடித்த ஒறுத்தல் முறிந்துவிடும், வள்ளத்தில் போனவர்கள் கடலோடு போய்விடுவார்கள் என்றாள். ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டு துப்பிக்கொண்டே இருந்தாள். கை முத்தமிட்ட கூட்டம் இப்போது எங்கள் வீட்டைக் கடக்கும்போது பிள்ளைகளை இழுத்துப் பிடித்துக்கொண்டு நடந்தது. பேய் பிடித்திருக்கிறது, பிரம்பால் அடித்து ஓட்டுகிற இடம் ஒன்று இருக்கிறது, கொண்டு போங்கள் என்று ஆள் விட்டுச் சொன்னார்கள்.

என் கணவர் அதிகம் கதைக்கிற மனிதர் இல்லை. அன்றைக்கு எழும்பிச் சட்டையைப் போட்டார்.

"பிள்ளை சாகப்போகுது. பேய் எண்டால் அதைப் பிறகு பாப்பம்" என்று சொல்லிவிட்டு அவளைத் தூக்கினார்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். சேலைன் என்றால் உப்புத் தண்ணீர்தான், நரம்பு வழியாக உடம்புக்குள் போகிறது. இரத்தம் எடுத்தார்கள், சலம் பார்த்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள். ஒன்றிலும் குற்றமில்லை. வாங்குப் பலகையில் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்தவள் என் காதுக்குள், "பெடியன் ஆரும் ஏமாத்திப்போட்டானோ?" என்று கேட்டாள். எனக்கு இருந்த கொதிக்கு அவளுடைய சுகயீனம் என்னவென்று பார்க்காமலே வாயால் கிழித்துவிட்டேன். கடைசியில் ஒரு இளம் டொக்டர் வந்து, வடக்கே உள்ள ஆஸ்பத்திரியில் மனநோய் வாட்டு இருக்கிறது, அங்கே கொண்டு போங்கள் என்று துண்டு எழுதித் தந்தார்.

மனநோய் வாட்டு என்றால் கட்டிப் போடுவார்கள், தலையில் கரண்ட் வைப்பார்கள் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். மினிபஸ்ஸில் இவர் அவளை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வளர்ந்த பிள்ளையை மடியில் வைத்திருக்கிறாரே என்று ஒருவர் முறைத்தார். அவருக்கும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். இவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

வாட்டு வாசலில் நின்ற சிற்றூழியன் பல்லைக் காட்டிக்கொண்டு, "என்ன, பிள்ளையிலை சாமி ஏறிக் கலை வந்திட்டுதோ?" என்றான். உள்ளே டெற்றோல் நாற்றம், அதற்கு அடியில் மூத்திர நாற்றம், அதற்கும் அடியில் வேகாத பருப்பு நாற்றம். கக்கூஸைப் பற்றி எழுதினால் வாசிக்கிறவர்களுக்குச் சோறு இறங்காது. தாய்மார் கூட இருக்கலாம் என்றார்கள். கட்டிலுக்குக் கீழே பாயைப் போட்டுக்கொண்டேன். பக்கத்துக் கட்டிலுக்குக் கீழே பண்டத்தரிப்பிலிருந்து வந்த அம்மா ஒருத்தி இருந்தாள். அவளுடைய மகளும் றெஜினாவின் வயதுதான். அந்த மனுசி ஒன்றும் விசாரிக்கவில்லை. தன் சுடுதண்ணிப் போத்தலை என் பக்கம் தள்ளி வைத்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு கேள்வி கேட்காத ஒரு ஆளைக் கண்டேன்.

பெரிய டொக்டர் கரவெட்டி ஊர்க்காரர். சைவ சமயம். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு கதைப்பார். றெஜினா துப்பித் துப்பி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னதையெல்லாம் அவசரப்படாமல் கேட்டார். பிறகு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"இது பேயும் இல்லை, விசரும் இல்லை. கரண்ட் ஒண்டும் தேவையில்லை, பயப்பிடாதையுங்கோ. இதுக்கு ஒப்செஷன் எண்டு பேர். எல்லாருக்கும் கண்ட நினைப்பெல்லாம் வந்து போகும். இவவுக்கு அது போகாமல் கொளுவிக்கொண்டு நிக்குது. அந்தப் பயத்தைத் தணிக்கத் திரும்பத் திரும்பச் செபம் சொல்லுறா. சொன்னவுடனை கொஞ்சம் தணியும். பிறகு இரட்டிப்பாய் வரும். சொறியச் சொறியச் சிரங்கு பெருக்கிற மாதிரி."

"அப்ப செபம் பிழையோ?" என்று இவர் கேட்டார்.

"செபத்திலை பிழை இல்லை. எங்கடை ஊரிலை இது கை கழுவுறதாய் வரும், கோயிலைச் சுத்துறதாய் வரும். நோய் எந்த வீட்டிலை நிக்குதோ அந்த வீட்டுச் சட்டையைத்தான் போடும். இன்னொண்டு. 'சரியாச் சொன்னனானோ' எண்டு கேட்டால் இனி 'ஓம்' எண்டு சொல்லாதையுங்கோ. அதுவும் சொறியிறதுதான்."

வாயைக் காயப்பண்ணுகிற ஒரு குளிசை தந்தார்கள். அது வேலை செய்யக் கிழமைக்கணக்காகும் என்றார். மற்ற வைத்தியம்தான் பயங்கரம். எதற்குப் பயப்படுகிறாளோ அதைச் செய்ய வேண்டும். செய்துவிட்டு, பரிகாரம் ஒன்றும் செய்யாமல், பயம் தானாகக் களைத்துப் போகும்வரை இருக்க வேண்டும். முதல் வேலை எச்சிலை விழுங்குவது. விழுங்கிவிட்டு என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டு நடுங்கினாள்.

"அம்மா, அவையள் கடலிலை தாழுகினம். அம்மா, சொல்லுங்கோவன், ஒண்டும் நடக்காது எண்டு சொல்லுங்கோவன்."

நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பெற்ற பிள்ளை கெஞ்ச, ஒரு சொல்லுக் கொடுக்காமல் இருக்கிறது எப்படியென்று இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அப்படி நாட்கள் போயின. எச்சிலுக்குப் பிறகு ஒரு கரண்டி தண்ணீர். பிறகு கஞ்சித் தண்ணீர். இவர் தினமும் சைக்கிளில் வருவார். வாட்டுக்கு வெளியே உள்ள பைப்பில் கையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவார். மீன் மணம் பட்டால் அவளுக்குக் கடல் நினைவு வந்துவிடும் என்ற பயம். அவளுடைய தலையை இழுத்து, கோணலாக இரட்டைப் பின்னல் போட்டுவிடுவார். அவள் ஒருநாள் சிரித்தாள். அன்றைக்கு அரைக் கோப்பை கஞ்சி இறங்கியது.

அந்த நேரத்தில்தான் திரேசம்மாவின் மகன் உயிரோடு வந்து சேர்ந்தான். எஞ்சின் நின்று, நீரோட்டத்தில் இழுபட்டு, மன்னார்ப் பக்கம் ஒதுங்கி, கூடப் போனவர்களோடு தரைவழியாக வீட்டுக்கு வந்திருக்கிறான். கேட்டதும் நான் கையெடுத்துக் கும்பிட்டேன். இனிப் பிள்ளை சுகப்பட்டுவிடும் என்று நினைத்தேன்.

மறுநாள் நோயாளரைப் பார்க்கிற நேரத்துக்கு ஒரு வான் வண்டி நிறைய வந்து இறங்கினார்கள். திரேசம்மா, அவளுடைய மகன், கையில் மெழுகுதிரியோடு பெண்கள். சிற்றூழியன் தடுக்கவில்லை, அவனுக்கு இது வேடிக்கை. வாட்டு நடுவில் கட்டிலைச் சுற்றி முழங்காலில் நின்றார்கள். ஊரைவிட்டுத் துரத்தாத குறையாக இருந்த அதே வாய்கள். திரேசம்மா றெஜினாவின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ பட்டினி கிடந்து ஒறுத்தல் செய்ததாலைதான் என்ரை பிள்ளை தப்பினவன். நீ நாங்கள் கும்பிடுற தெய்வம் அம்மா. எங்கடை வள்ளங்களுக்காக இன்னும் கொஞ்ச நாளைக்கு அந்த ஒறுத்தலை விட்டிடாதை."

கேட்டீர்களா? வள்ளம் தொலைந்தபோது இவள் செபம் பிழை. வள்ளம் வந்தபோது இவள் பட்டினி சரி. எப்படிப் புரட்டினாலும் பட்டினி கிடக்க வேண்டியது என் பிள்ளை, மீன் பிடிக்கிறது அவர்கள். நான் கஞ்சிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எறிந்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. பண்டத்தரிப்பு அம்மா எழும்பி வந்து, ஆடு மாட்டைச் சாய்க்கிற மாதிரி இரண்டு கையையும் விரித்து, "வெளியாலை போங்கோ, எல்லாரும் வெளியாலை" என்று அவர்களைத் தள்ளிக்கொண்டு போனாள். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்கள். நான் கஞ்சியை நீட்டினேன். றெஜினா சிரட்டையைத் தேடினாள்.

"ஒப்செஷனுக்கு வள்ளம் தொலைஞ்சதைவிட வந்ததுதான் பெரிய சாட்சி. இனி நாங்கள் சொல்லுறதை அவ ஏன் நம்பப் போறா?" என்றார் டொக்டர். அவர் மேசையில் அடித்துக் கோபப்பட்டதை அன்றைக்குத்தான் கண்டேன்.

மூக்கால் குழாய் விட்டார்கள். வயிறுவரை போகிற ஒரு மெல்லிய குழாய். சாப்பிட மறுக்கிறவர்களுக்கு அதால் பால் ஊற்றுவார்கள். நான் ஒரு கையைப் பிடித்தேன், இவர் மற்றக் கையைப் பிடித்தார். அவள் கத்தவில்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளைவிட அந்த வான் வண்டியில் வந்தவர்களைத்தான் நான் நினைத்தேன். அவர்கள் வீட்டில் அந்த நேரம் சோறும் சொதியும் இறங்கிக்கொண்டிருந்திருக்கும்.

டொக்டர் எங்கள் சுவாமியைக் கூப்பிட்டனுப்பினார். பூசையில் இவளை முன்மாதிரி என்று சொன்ன அதே சுவாமி. எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. இருந்தாலும் மனுசன் வந்தார், குழாயைப் பார்த்தார். இருவரும் அறைக்குள் இருந்து கதைத்தார்கள். பிறகு சுவாமி கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

"பிள்ளை, இனி ஒரு நாளைக்கு ஒரு செபம். ஒருக்காத்தான். பிழைச்சாலும் திருப்பிச் சொல்லப்படாது. முடிவிலை ஆமென் சொல்லாதை. அதைச் சொல்லாமல் விட்டிட்டு எழும்பு. அது பாவமெண்டால் என்ரை தலையிலை. இது உன்ரை பங்குச் சுவாமியின்ரை கட்டளை."

ஆமென் இல்லாத செபம் அவளுக்குக் கதவு பூட்டாத வீடு. அதற்குள் படுக்க வேண்டும் என்கிறார்கள். முதல்நாள் உடம்பெல்லாம் வியர்த்து வாந்தி எடுத்தாள். உதடு ஆமென் சொல்ல எழும்பும், பக்கத்தில் நிற்கிற நேர்ஸ் மிஸி விரலால் மெல்லத் தட்டுவார். அடுத்தடுத்த நாட்களில் நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. குளிசையும் வேலை செய்யத் தொடங்கியிருக்க வேண்டும். குழாயைக் கழற்றினார்கள். வாழைப்பழம் தின்றாள். முழங்கால் புண் காய்ந்து பொருக்கு விழுந்தது.

வீட்டுக்கு விடுகிறபோது டொக்டர் கடைசி வேலையைச் சொன்னார். அது றெஜினாவுக்கு இல்லை, இவருக்கு.

"கரையிலை நிண்டு அவ ஆமென் இல்லாமல் ஒரு செபம் சொல்லவேணும். அதோடை நீங்கள் கடலுக்குப் போகவேணும். நீங்கள் பயந்தால் அவ விட்டிடுவா."

இவர் சரியென்று தலையை ஆட்டினார். கடல் தொழிலாளி ஒருவரிடம் இதைக் கேட்பது லேசான காரியமில்லை. ஆமென் சொல்லாமல் இறங்கின வள்ளத்தை எங்கள் கரை கண்டதில்லை. கேள்விப்பட்டதும் சம்மாட்டியின் வள்ளத்து ஆட்கள் எல்லோரும் பின்வாங்கினார்கள்.

"முடிக்காத செபத்தோடை ஆர் வருவான்? உனக்கு விருப்பமெண்டால் நீ போ" என்றார்கள்.

"ஓம், நான் போறன்" என்றார் இவர். போகிறேன் என்றால் திரும்பாது என்று பயந்து, போட்டு வாறன் என்றே சொல்கிற கரையில், வேண்டுமென்றே அப்படிச் சொன்னார். இறாலுக்கு வைத்திருந்த சின்னத் தோணியைத் தனியே இழுத்துத் தண்ணீரில் விட்டார்.

பார்க்க ஊரே வந்து நின்றது. றெஜினா சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் நிற்காமல், நிமிர்ந்து நின்று செபத்தைச் சொன்னாள். குரல் இரண்டு இடத்தில் தடக்கியது, திருப்பிச் சொல்லவில்லை. முடிவு வந்தது. நிறுத்தினாள்.

பின்னாலிருந்து திரேசம்மா உரத்து, "ஆமென்" என்றாள்.

மாதக்கணக்கில் பட்ட பாட்டை ஒரு சொல்லில் குழப்பிவிட்டாளே என்று திரும்பினேன். றெஜினா என்னை முந்திவிட்டாள்.

"மாமி, அது உங்கடை ஆமென். என்ரை செபத்துக்கு ஆமென் இல்லை" என்று தன்மையாகச் சொன்னாள். பிறகு தகப்பனைப் பார்த்தாள். "நீங்கள் போங்கோ அப்பா."

இவர் கம்பை ஊன்றித் தோணியைத் தள்ளினார். திரும்பிப் பார்க்கவில்லை. திரேசம்மா வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போனாள். அவளை இன்றைக்கும் வழியில் கண்டால் நான் மற்றப் பக்கம் பார்த்துத் துப்புகிறேன். சுவாமி மன்னிக்கச் சொல்கிறார். பார்ப்போம்.

வீட்டுக்கு வந்தோம். இருட்டத் தொடங்கியது. தூரத்தில் நேவியின் வெளிச்சம் கடலில் திரும்பித் திரும்பி அடித்துக்கொண்டிருந்தது. நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். உள்ளே சோற்றுக் கோப்பைச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். றெஜினா நிலத்தில் சப்பாணி கட்டியிருந்து, சோற்றுக்கு மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தாள். தகப்பன் இன்னும் கரைக்கு வரவில்லை. அவள் சாப்பிட்டாள். கோப்பையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்களும் வந்து சாப்பிடுங்கோவன் அம்மா."

"அப்பா வரட்டும் பிள்ளை" என்றேன் நான்.